டர்போ காருக்கு எஞ்சின் ஆயில்: பாகுநிலை தளராத ஆயிலைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆயில் மாற்றும் நாளில் காரை லிஃப்டில் தூக்கி, ட்ரெயின் போல்ட்டைக் கழற்றியதும், கறுத்த ஆயில் கம்பிபோல் இறங்கித் தட்டில் விழுகிறது. மெக்கானிக் ஒரு சொட்டை விரலில் எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்துவிட்டு, “தண்ணியாயிருச்சு சார், அடுத்த வாட்டி கொஞ்சம் கட்டியா 20டபிள்யூ-50 ஊத்திருவோம்” என்கிறார். டர்போ கார் வைத்திருப்பவர்களில் பலர் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கலாம்; டர்போ எஞ்சினில் ஆயில் இளகிப் போவதுண்டு. ஆனால் அதை விரலால் தேய்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 20டபிள்யூ-50 அதற்கு மருந்தும் அல்ல.

விரல் ஏமாறுவதற்குக் காரணம் சூடு. கடைக்காரர் விஸ்காசிட்டி என்பதும் பள்ளியில் நாம் பாகுநிலை என்று படித்ததும் ஒன்றுதான். அது வெப்பநிலை ஏற ஏறச் சரியும். புத்தம் புதிய 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 60 முதல் 70 சென்டிஸ்டோக் (பாகுநிலையின் அலகு) இருக்கும். அதே ஆயில் 100 டிகிரியில் பத்து, பன்னிரண்டுக்கு வந்துவிடும். நம் சமையலறை நல்லெண்ணெய் 40 டிகிரியில் சுமார் 35. ஆக, ஓடி நின்ற சூட்டோடு இறங்கும் நல்ல ஆயில்கூட, பாட்டிலில் இருக்கும் நல்லெண்ணெயைவிட இளக்கமாகத்தான் தெரியும்.

டின்னின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண், ஆயில் புதிதாக இருக்கும்போது அளந்தது. ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் அந்த எண்ணுக்குள் அது நிற்குமா என்பதே டர்போ எஞ்சினைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி. ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு டின்கள் இதில் வெகுவாக வேறுபடும். அந்த வேறுபாட்டை வாங்குவதற்கு முன்பே படித்தறிய முடியும். ஓட்டிய பிறகு சோதித்தும் பார்க்க முடியும்.

முதலில், டர்போவுக்குள் ஆயில் படும் பாடு

எஞ்சினின் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பாகம்தான் டர்போ. சிறிய பெட்ரோல் டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், சிலவற்றில் இரண்டு லட்சம் சுற்றுகளைத் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் அந்த ஷாஃப்டைத் தாங்கி நிற்பது ஆயில் படலம்தான். ஒரு பக்கத்தில் டர்பைன் சக்கரத்தின் மேல் வந்து மோதும் பெட்ரோல் எஞ்சினின் புகை 950 டிகிரியை எட்டக்கூடியது. டீசலில் இதைவிடக் குறைவு. எஞ்சின் ஓடும்வரை ஆயிலும் கூலன்ட்டும் அந்தச் சூட்டை எடுத்துச் சென்றுகொண்டே இருக்கும். சாவியைத் திருப்பி அணைத்த கணத்தில் ஆயில் ஓட்டம் நின்றுவிட, டர்பைன் பக்கத்துச் சூடு பேரிங் பக்கம் பரவி, அங்கே தேங்கி நிற்கும் கொஞ்ச ஆயிலைக் கருக்குகிறது. தோசைக்கல்லில் எண்ணெய் காய்ந்து கரியாகப் பற்றிக்கொள்வதைப் போன்றதுதான் இது.

இந்தச் சூழலில் ஆயிலின் பாகுநிலை இரு திசைகளிலும் கெடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் எண்கள் பொருள்படும். இளகச் செய்பவை இரண்டு: ஆயிலில் சேர்த்த பாலிமர் அறுபடுவது ஒன்று, எரியாத எரிபொருள் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலப்பது மற்றொன்று. கெட்டியாக்குபவை மூன்று: லேசான பகுதி ஆவியாகிப் போவது, சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடைவது, டீசலில் புகைக்கரி சேர்வது. சில சமயம் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும்; எரிபொருள் கலந்து இளகிய ஆயில், ஆவியாதலால் கெட்டிப்பட்டு, மொத்தத்தில் சரியான எண்ணையே காட்டும். அது நல்ல ஆயில் என்று அர்த்தமல்ல.

படி 1: கையேட்டில் இரண்டு வரிகளையும் படியுங்கள்

காரோடு வரும் கையேட்டில் ஆயிலுக்கென்று இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று கிரேடு, அதாவது 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்ற வகை. மற்றொன்று தரக்குறியீடு: அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ. தரும் எஸ்.பி., ஐரோப்பிய அமைப்பான ஏ.சி.இ.ஏ. தரும் சி3, ஏ3/பி4, அல்லது கார் நிறுவனமே வைத்திருக்கும் தனி அங்கீகார எண். பெரும்பாலானோர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். பாகுநிலையைக் காக்கும் திறன் ஒளிந்திருப்பது இரண்டாவது வரியில்தான்.

கையேடு சில இடங்களில் வெளிவெப்பநிலைக்கேற்ப இரண்டு மூன்று கிரேடுகளை அட்டவணையாகத் தந்திருக்கும். 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டையும் அனுமதித்திருந்தால், நம் வெயிலுக்கும் மலையேற்றத்துக்கும் 40-ஐத் தேர்ந்தெடுப்பது நியாயமானது. 0டபிள்யூ-20 மட்டும்தான் என்று சொல்லியிருந்தால் அதை மீறாதீர்கள், வாரண்டி இருக்கும்வரை நிச்சயமாக மீறாதீர்கள். அந்த எஞ்சினின் ஆயில் பம்ப், பேரிங் இடைவெளி, கேம் நேரத்தை மாற்றும் பாகம் எல்லாம் அந்த மெலிந்த ஆயிலை வைத்தே கணக்கிடப்பட்டவை.

படி 2: டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண்ணோடு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். ஆயில் கிரேடுகளை வரையறுக்கும் எஸ்.ஏ.இ. ஜே300 தரநிலையில் 5டபிள்யூ ஆயிலின் ஸ்டார்ட்டிங் சோதனை மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25-இலும், 15டபிள்யூவுக்கு மைனஸ் 20-இலும் நடக்கிறது. ஊட்டியில் உறைபனி விழும் சனவரி விடியலில்கூட இந்த எல்லைகளின் பக்கத்தில் நாம் போவதில்லை. எனவே குளிரைக் காரணம் காட்டி 0டபிள்யூவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் காலையில் முதல் ஸ்டார்ட்டில் டர்போவுக்கு ஆயில் விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால் 20டபிள்யூவை விட 5டபிள்யூ நல்லது.

படி 3: பின் எண் ஒரு புள்ளியல்ல, ஒரு பட்டை

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். ‘30’ என்று டின்னில் போட, 100 டிகிரியில் ஆயிலின் பாகுநிலை 9.3 சென்டிஸ்டோக்கில் தொடங்கி 12.5-க்குள் எங்கே இருந்தாலும் போதும். ‘20’ என்றால் 6.9 முதல் 9.3 வரை, ‘40’ என்றால் 12.5 முதல் 16.3 வரை, ‘50’ என்றால் 16.3 முதல் 21.9 வரை. ஆக, 9.6 உள்ள ஆயிலும் 12.2 உள்ள ஆயிலும் ஒரே ‘30’ என்ற பெயரில் ஒரே அலமாரியில் நிற்கின்றன.

கணக்குக்காக இரண்டு டின்களை வைத்துக்கொள்வோம். முதலாவதில் 9.9 சென்டிஸ்டோக், இரண்டாவதில் 12.1. முதல் ஆயில் தன் கிரேடிலிருந்து கீழே விழ 0.6 சென்டிஸ்டோக் குறைந்தால் போதும். அது 6 சதவீதம். இரண்டாவது விழ 2.8 குறைய வேண்டும். அது 23 சதவீதம். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ எஞ்சினில், நகருக்குள் அரைகுறைச் சூட்டில் ஓடும்போது, ஆயிலில் சில சதவீதம் பெட்ரோல் கலப்பது சாதாரணம். ஐந்து சதவீதம் கலந்தாலே 30 கிரேடு ஆயில் 20-இன் எல்லைக்குள் இறங்கிவிடக்கூடும். முதல் டின் அதற்கு முன்பே இறங்கியிருக்கும். கையேடு அனுமதிக்கும் கிரேடுக்குள், பட்டையின் மேல்விளிம்பை ஒட்டிய ஆயிலை எடுப்பதுதான் இந்த வழிகாட்டியிலேயே எளிதான, செலவில்லாத தந்திரம். 0டபிள்யூ-20 காரர்களுக்கும் இது பொருந்தும்: 7.5 உள்ளதைவிட 8.6 உள்ளதை எடுங்கள்.

படி 4: எச்.டி.எச்.எஸ். என்ற எண்ணைத் தேடுங்கள்

100 டிகிரி எண், ஆயில் தன் எடையால் கண்ணாடிக் குழாயில் வழிந்து இறங்கும் நேரத்தை வைத்து அளக்கப்படுவது. பேரிங்கில் ஆயில் அப்படி நிதானமாக வழிவதில்லை. முடியை விட மெல்லிய இடைவெளியில், பயங்கர வேகத்தில் இழுபடுகிறது. அந்த நிலையை ஒட்டி 150 டிகிரியில், விநாடிக்குப் பத்து லட்சம் என்ற வெட்டு வீதத்தில் (ஆயில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் வீதம்) அளப்பதுதான் எச்.டி.எச்.எஸ்., அதாவது உயர் வெப்பத்திலும் உயர் வெட்டிலும் உள்ள பாகுநிலை. அலகு மில்லிபாஸ்கல்-விநாடி. ஜே300 தரநிலை கேட்கும் குறைந்தபட்சம், 20 கிரேடுக்கு 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40 போன்றவற்றுக்கு 3.5, 15டபிள்யூ-40-க்கு 3.7.

இரண்டு எண்களும் ஏன் தனித்தனியாகத் தேவை என்பதற்கு ஆயிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். மெல்லிய அடிப்படை எண்ணெயை எடுத்து, அதில் நீண்ட சங்கிலி பாலிமரைக் கலந்துதான் பலகிரேடு ஆயில் தயாரிக்கிறார்கள். குளிரில் நூல்கண்டுபோல் சுருண்டு கிடக்கும் பாலிமர் சூட்டில் விரிந்து, ஆயில் அளவுக்கு மீறி இளகாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் பேரிங் இடைவெளியில் அந்த நூல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு படிந்துவிடும். அந்த நேரத்துக்கு ஆயில் மெலிந்துபோகும், வெளியே வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். இது தற்காலிக இழப்பு. திரும்பத் திரும்ப நசுங்கும்போது நூல்கள் அறுந்தே போகின்றன. அது நிரந்தர இழப்பு. வெண்டைக்காயை வதக்கும்போது முதலில் நூல் நூலாக இழுபடும் வழவழப்பு, கிளறக் கிளற அறுந்து காணாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே நாம் விரும்புவதும் அதைத்தான். எஞ்சினில் விரும்பக்கூடாததும் அதைத்தான்.

இதிலிருந்து ஒரு கைக்கணக்கு பிறக்கிறது. 100 டிகிரி எண் ஒன்றாக இருக்கும் இரண்டு ஆயில்களில், எச்.டி.எச்.எஸ். உயர்ந்து நிற்பதில் கெட்டித்தன்மை பெரும்பாலும் அடிப்படை எண்ணெயிலிருந்து வருகிறது. தாழ்ந்து நிற்பதில் அது பாலிமரிலிருந்து வருகிறது. 12.1 சென்டிஸ்டோக்கோடு 3.5 காட்டும் ஆயிலையும், அதே 12.1 சென்டிஸ்டோக்கோடு 3.1 மட்டும் காட்டும் ஆயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நான் யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன். இது சான்று அல்ல, நல்ல அறிகுறி.

சூடு மாறும்போது பாகுநிலை எவ்வளவு குறைவாக மாறுகிறது என்பதைக் காட்டும் விஸ்காசிட்டி இன்டெக்ஸ் என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். உயர்ந்த எண், உயர்தர அடிப்படை எண்ணெயாலும் வரலாம், மலிவான பாலிமரை அள்ளிக் கொட்டினாலும் வரலாம். தனியாக நின்றால் அது எதையும் சொல்லாது.

படி 5: டேட்டா ஷீட்டை எடுத்து, மேலும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

நல்ல ஆயில் நிறுவனம் ஒவ்வொரு ஆயிலுக்கும் ஒன்றிரண்டு பக்கத் தொழில்நுட்பத் தாளைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கும். அப்படி ஒரு தாளே கிடைக்காத ஆயிலை டர்போ எஞ்சினுக்கு வாங்காதீர்கள். இதில் நான் சமரசம் செய்வதில்லை.

நோவாக் எண் அதில் முதன்மையானது. ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்ப்பது அந்தச் சோதனை. ஏ.பி.ஐ. எஸ்.பி. 15 சதவீதம்வரை விடுகிறது, ஏ.சி.இ.ஏ. 13-இல் நிறுத்துகிறது. டர்போவுக்கு 10-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பது விரும்பத்தக்கது. ஆவியாகும் பகுதி அளவைக் குறைத்து, மிச்சத்தைக் கெட்டியாக்குவதோடு, சுவாசக் குழாய் வழியாக இன்டேக்குக்குப் போய் கம்ப்ரசர் சக்கரத்திலும் வால்வுகளிலும் பிசுக்காகப் படிகிறது.

வெட்டுக்குப் பின் பாகுநிலை என்ற எண் கிடைத்தால் அதிர்ஷ்டம். டீசல் இன்ஜெக்டர் நாசில் வழியாக ஆயிலை உயர் அழுத்தத்தில் 30 முறை பீய்ச்சி, பாலிமர் எவ்வளவு அறுந்தது என்று பார்க்கும் சோதனையின் முடிவு அது. பெரும்பாலான தாள்களில் இருக்காது. அப்போது அடுத்த படியில் வரும் தரக்குறியீடுகளை நம்ப வேண்டும்.

மூன்றாவது, சல்ஃபேட்டட் ஆஷ், அதாவது எரிந்த பின் மிஞ்சும் சாம்பல். பாகுநிலையோடு இதற்கு நேரடித் தொடர்பில்லை, ஆனால் பி.எஸ்.6 டீசல் காரில் இதைக் கவனிக்காமல் விட்டால் டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி அடைபடும். கரியை எரித்துத் தள்ளலாம், சாம்பலை எரிக்க முடியாது.

‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்ற சொல் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1999-இல் அமெரிக்காவில் விளம்பரப் பூசல்களைத் தீர்க்கும் அமைப்பு, கச்சா எண்ணெயிலிருந்து கடுமையாகச் சுத்திகரித்த மூன்றாம் குழு எண்ணெயையும் சிந்தெடிக் என்று அழைப்பதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு பல நாடுகளில் அந்தச் சொல், வேதிமுறையில் தொகுத்து உருவாக்கும் பி.ஏ.ஓ. போன்ற எண்ணெய்க்கு மட்டும் உரியதாக இல்லை. மூன்றாம் குழு எண்ணெய் மட்டமானது என்று இதற்குப் பொருளில்லை. நன்றாகச் செய்தால் அருமையாகவே இருக்கும். டின்னின் மேல் இருக்கும் சொல் அதைச் சொல்லாது, தாளில் இருக்கும் எண் சொல்லும் என்பதே விஷயம்.

படி 6: உங்கள் எஞ்சின் வகைக்கு எந்தக் குறியீடு

ஏ.சி.இ.ஏ. ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர்களின் அமைப்பு. அது தரும் குறியீடுகளில் ஏ3/பி4, சி3 இரண்டுமே எச்.டி.எச்.எஸ். 3.5-க்குக் குறையக்கூடாது என்று கேட்கின்றன. இன்ஜெக்டர் வெட்டுச் சோதனைக்குப் பிறகும் ஆயில் தன் கிரேடுக்குள்ளேயே நிற்க வேண்டும் என்றும் கேட்கின்றன. இந்தச் சோதனையை நம் வீட்டில் செய்ய முடியாது. வேறொருவர் நமக்காகச் செய்து முத்திரை குத்தியிருக்கிறார் என்பதே குறியீட்டின் மதிப்பு. ஏ5/பி5 ஆயிலில் எச்.டி.எச்.எஸ். 2.9-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்கும். எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காக மெலிவாக்கப்பட்டது. சி5 இன்னும் மெலிவு, 2.6 முதல் 2.9 வரை.

நேரடிப் பீய்ச்சல் உள்ள சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு இன்னொரு கவலையும் உண்டு. குறைந்த வேகத்தில், டாப் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, ஸ்பார்க் வருமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் நிகழ்வு அது. எரிபொருள் கலந்த ஆயில் துளிகளும், ஆயிலில் உள்ள கால்சியம் வகை சோப்பும் அதைத் தூண்டுவதாகக் கண்டறிந்து, 2020 மே மாதம் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. தரத்தில் அதற்கெனத் தனிச் சோதனை வைத்தார்கள். டைமிங் செயின் தேய்மானத்துக்கும் ஒரு சோதனை சேர்ந்தது. பழைய எஸ்.எல்., எஸ்.எம். டின்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. இந்த எஞ்சின்களுக்கு அவை வேண்டாம். கையேடு இடம் கொடுத்தால், சி3, எஸ்.பி. இரண்டையும் ஒருங்கே பெற்ற 5டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-40 என் முதல் தேர்வு.

டி.பி.எஃப். உள்ள டீசலுக்கு, கையேடு வேறு சொல்லாதவரை, சி3 பொருந்தும். அதில் சாம்பல் 0.8 சதவீதத்துக்குள் அடங்குகிறது. டி.பி.எஃப். இல்லாத பழைய டீசலுக்கு ஏ3/பி4 போதும். லாரி, பஸ் வைத்திருப்பவர்கள் ஏ.பி.ஐ. சிகே-4 உள்ள 15டபிள்யூ-40-ஐப் பார்க்கலாம். 2016 டிசம்பரில் வந்த அந்தத் தரம் இன்ஜெக்டர் வெட்டுச் சோதனையை 30 முறையோடு விடாமல் 90 முறை நடத்துகிறது. அதே சமயத்தில் வந்த எஃப்ஏ-4 என்பது மெலிந்த வேறு இனம்; எஞ்சின் நிறுவனம் கேட்டாலொழிய அதைத் தொட வேண்டாம்.

டின்னின் பின்புறத்தில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்பதற்கும் ‘தேவைகளைப் பூர்த்திசெய்கிறது’, ‘ஏற்றது’ என்பதற்கும் இடையில் உள்ள தூரம் பெரிது. முதலாவதில் கார் நிறுவனம் சோதனை முடிவுகளைப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறது. மற்றவை ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது.

20டபிள்யூ-50 ஏன் மருந்தாகாது

கெட்டி ஆயில் படலம் தடிமனாக இருக்கும் என்பது சரி. ஆனால் அதிவேகத்தில் சுற்றும் ஷாஃப்ட்டில் கெட்டி ஆயிலே உராய்வுச் சூட்டைக் கூட்டுகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் டர்போவுக்குப் போய்ச் சேரத் தாமதிக்கிறது. பிஸ்டனின் அடிப்பக்கத்தைக் குளிர்விக்கும் நாசில்களில் ஓட்டம் குறைகிறது. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் செயின் டென்ஷனரும் கேம் பாகமும் தடுமாறுகின்றன. தவிர, கடையில் கிடைக்கும் 20டபிள்யூ-50 பெரும்பாலும் சாதா மினரல் எண்ணெய். டர்போ சூட்டில் விரைவில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பிசுக்காகும். பெட்ரோல் கலப்பதையும் அது தடுக்கப்போவதில்லை. ‘ஆயில் ட்ரீட்மென்ட்’ என்று தனி டப்பாவில் விற்கும் கெட்டியாக்கிகளும் இதே கதைதான். அவற்றில் பலவும் பாலிமர்க் குழம்பு. அறுபடும் நூலையே மேலும் கொஞ்சம் சேர்க்கின்றன.

படி 7: வாங்கும்போது

டேட்டா ஷீட் எண்களையும் கையேட்டுக் குறியீட்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மூடியின் சீல், தயாரிப்புத் தேதி, பேட்ச் எண், ஸ்கேன் செய்யும் குறியீடு ஆகியவற்றைச் சரிபாருங்கள்; போலி டின்கள் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் பேரலிலிருந்து ஊற்றுவதாக இருந்தால் எந்த ஆயில் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் உங்கள் டின்னை நீங்களே கொண்டுபோங்கள். சிறிய டர்போ எஞ்சின்களுக்குத் தேவைப்படுவது மூன்றரை, நான்கு லிட்டர்தான். அவ்வளவு குறைந்த ஆயில்தான் மொத்தச் சூட்டையும் சுமக்கிறது என்பதால், லிட்டருக்கு நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

படி 8: நல்ல ஆயிலையும் கெடுக்கும் பழக்கங்கள்

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, மேலே டீக்கடையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பிவிடுவது டர்போவுக்கு நாம் செய்யக்கூடிய மோசமான காரியங்களில் ஒன்று. கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள், அல்லது நின்ற பின் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். நீரால் குளிரும் பேரிங் உறையும், அணைத்த பிறகும் ஓடும் மின்பம்பும் உள்ள புதிய கார்களில் இந்தக் கவலை குறைவு. இருந்தாலும் பழக்கம் நல்லதே. டாஷ்போர்டில் முள் நடுவில் நிற்கிறதே என்று சமாதானம் அடைய வேண்டாம். அது கூலன்ட்டின் சூடு; மலையேற்றத்தில் ஆயில் அதைவிட வெகுவாகச் சூடாகியிருக்கும்.

இதற்கு நேர்மாறான கேடு, குறுந்தூரப் பயணம். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் பள்ளி, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் அலுவலகம் என்று ஓடும் காரில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதேயில்லை. கலந்த பெட்ரோல் ஆவியாகி வெளியேற வாய்ப்பில்லை. வாரத்துக்கு ஒருமுறை நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டினால் பெருமளவு வெளியேறிவிடும். டீசல் அப்படி எளிதில் ஆவியாகாது. டி.பி.எஃப். தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது தாமதமாகப் பீய்ச்சப்படும் டீசலில் ஒரு பகுதி சுவர் வழியே இறங்குகிறது. சுத்திகரிப்பு நடுவில் இருக்கும்போது எஞ்சினை அடிக்கடி அணைத்தால் அதைத் திரும்பத் திரும்பத் தொடங்க வேண்டிவந்து, இறங்கும் டீசல் கூடுகிறது. டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறுவதைக் கண்டு, ஆயில் குறையவே இல்லை என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மட்டம் ஏறினால் ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். அந்த ஆயிலை உடனே மாற்ற வேண்டும்.

இப்படிப்பட்ட ஓட்டத்தைக் கையேடு ‘கடின உபயோகம்’ என்று தனியாகக் குறிப்பிட்டு, மாற்றும் இடைவெளியைக் குறைத்திருக்கும். நகர நெரிசல், தூசி, மலை, குறுந்தூரம் எல்லாமே அதில் அடங்கும். நம்மில் பெரும்பாலோர் அந்த வரிசையில்தான் வருகிறோம்.

படி 9: ஊகிக்காமல் சோதித்துப் பாருங்கள்

தேர்ந்தெடுத்த ஆயில் உண்மையில் நின்றதா என்பதை, ஆலை ஜெனரேட்டர்களுக்கும் லாரிக் கம்பெனிகளுக்கும் ஆயில் சோதிக்கும் ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, முதலில் வரும் கசடை விட்டுவிட்டு, நடு ஓட்டத்தில் நூறு மில்லியைச் சுத்தமான, உலர்ந்த பாட்டிலில் பிடியுங்கள். 100 டிகிரி பாகுநிலை, ஃப்ளாஷ் பாயின்ட், எரிபொருள் சதவீதம், ஆக்சிஜனேற்றம், அமிலத்தை முறிக்க ஆயிலில் மிஞ்சியிருக்கும் திறனைக் காட்டும் டி.பி.என்., டீசலானால் புகைக்கரி, இவற்றோடு இரும்பு, செம்பு அளவையும் கேளுங்கள்.

பாகுநிலையும் ஃப்ளாஷ் பாயின்ட்டும் சேர்ந்து பேசுவதைக் கேட்பதுதான் இந்தத் தாளைப் படிக்கும் வித்தை. ஃப்ளாஷ் பாயின்ட் என்பது ஆயிலின் ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலை. புது ஆயிலில் பெரும்பாலும் 220 டிகிரியைத் தாண்டியிருக்கும். 12 சென்டிஸ்டோக்கில் தொடங்கிய ஆயில் 9-க்கு இறங்கி, ஃப்ளாஷ் பாயின்ட்டும் 170, 180 என்று விழுந்திருந்தால், குற்றவாளி எரிபொருள். அங்கே ஆயில் பிராண்டை மாற்றிப் பயனில்லை. ஓட்டும் முறையையும், மாற்றும் இடைவெளியையும், ஒழுகும் இன்ஜெக்டர் ஏதும் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். அதே 9, ஆனால் ஃப்ளாஷ் பாயின்ட் 220-இலேயே நிற்கிறது என்றால் பாலிமர் அறுந்திருக்கிறது. அடுத்த முறை எச்.டி.எச்.எஸ். உயர்ந்த வேறு ஆயிலுக்குப் போக வேண்டும். பாகுநிலை 14-ஐத் தாண்டி ஏறி, ஆக்சிஜனேற்றமும் கூடியிருந்தால் சூடும் ஆவியாதலும்தான் காரணம். நோவாக் குறைந்த ஆயிலும் குறுகிய இடைவெளியும் தேவை. டீசலில் ஏற்றத்தோடு புகைக்கரியும் கூடியிருந்தால் ஏர் ஃபில்டரையும், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வையும் முதலில் பாருங்கள்.

ஃபில்டர் தாளில் ஒரு சொட்டு விட்டு வட்டம் பார்க்கும் பழைய முறை, கரி பரவி நிற்கிறதா திரண்டுவிட்டதா என்பதைச் சொல்லும். பாகுநிலையைச் சொல்லாது.

ஒப்பிடுவதற்குப் புது ஆயிலின் உண்மையான எண் கையில் இருக்க வேண்டும். டேட்டா ஷீட்டில் இருப்பது வகைமாதிரி எண்தான், ஒவ்வொரு பேட்சும் சற்றே மாறும். ஆகவே டின்னைத் திறக்கும்போதே நூறு மில்லியைத் தனி பாட்டிலில் ஊற்றி, தேதி, பேட்ச் எண், ஓடோமீட்டர் கிலோமீட்டர் ஆகியவற்றை எழுதி ஒட்டி, வெயில் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள். பழைய ஆயிலோடு அந்தப் பாட்டிலையும் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.